மடிக்கணினி திடீரென அணைவது ஏன்?

சங்கங்களின் கணக்கைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் இப்பொழுது நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. அது நூல் இருப்பைப் பற்றியதன்று. கடன் வசூலைப் பற்றியதுமன்று. "கணினி தானாகவே அணைந்து போகிறது, ஐயா" என்பதே அது. அங்கத்தினர் வீடுகளிலும் இதே குறை இருக்கிறது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோதுதான் நெசவாளர், உழவர் வீடுகள் பலவற்றில் இந்த யந்திரம் முதன்முறையாக நுழைந்தது. அன்று அதைப் பெற்ற மாணவர்களுட் பலர் இன்று குடும்பத் தலைவர்களாகிவிட்டனர். யந்திரமும் மூப்படைந்துவிட்டது. எனினும் சேலைக் கரைக்கு வடிவம் வரையவும், சாகுபடிச் செலவைக் குறித்து வைக்கவும், பிள்ளைகளின் படிப்புக்கும் அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. சங்க அலுவலகங்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. ஆயினும் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வாங்கிய யந்திரங்கள் இன்றும் பல மேசைகளில் உள்ளன.

இக்குறையை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. ஒரு நெசவாளர் சங்கத்தில் கூலி பட்டுவாடாவுக்கு முதல்நாள் மாலை, துணி வரவைப் பதிந்துகொண்டிருக்கும்போதே கணினி அணைந்துவிட்டது. எழுத்தர் மீண்டும் அதைத் திறந்து, தாம் நிறுத்திய இடம் இதுவாக இருக்கலாம் என்று கருதிய இடத்திலிருந்து தொடர்ந்து பதிந்தார். மறுநாள் கூலிப் பட்டியலில் மூன்று அங்கத்தினரின் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. இரண்டு வாரம் தறியில் அமர்ந்து நெய்து கொடுத்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். அவர்களுடைய கைப்புத்தகத்தையும், சங்கத்தில் நல்லவேளையாகக் கையால் எழுதப்பட்டு வந்த துணி வரவுப் புத்தகத்தையும் ஒப்பிட்ட பிறகே கூலி கிடைத்தது. அந்தப் புத்தகம் இல்லாதிருப்பின் அவர்கள் வாய்ச்சொல்லை யார் ஏற்றிருப்பர்? ஆகையால் கணினி அணைவது கணினிக்காரரின் கவலை மட்டுமன்று. அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு.

நிற்க. அணைவது என்னும் விளைவு ஒன்றே ஆயினும் அதன் காரணம் ஒன்றன்று. காய்ச்சல் என்றவுடன் எல்லார்க்கும் ஒரே மருந்து கொடுக்கும் வைத்தியர் உண்டா? அவர் முதலில் நாடியைப் பார்ப்பார். எப்பொழுது வருகிறது, எப்பொழுது தணிகிறது என்று கேட்பார். கணினிக்கும் அவ்விதமே கேட்டாக வேண்டும். இக்கேள்விகளைக் கேளாமல் "விண்டோஸை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லும் பழுது பார்ப்பவரிடம் யந்திரத்தை ஒப்படைக்கலாகாது என்பது நம் கருத்து.

அணையும் விதத்தை நோக்குக

ஊதிய விளக்கைப்போல் ஒரே கணத்தில் திரை இருண்டு, விசிறி நின்று, சிறு விளக்குகளும் அவிந்துவிட்டால், உள்ளே மின்சாரம் அறுந்தது என்று கொள்ளலாம். வெப்பம், பேட்டரி, சார்ஜர், தாய்ப்பலகை ஆகியவற்றுள் ஒன்றில் குறை இருக்கும். திரை நீலநிறமாக மாறி, சில எழுத்துகளைக் காட்டி, யந்திரம் தானே மீண்டும் தொடங்குமாயின், ரேம் என்னும் நினைவகத்திலோ, விண்டோஸின் உறுப்பு நிரல் ஒன்றிலோ குறை இருக்கலாம். மூன்றாவது வகை, ஒழுங்காக விடைபெற்றுக்கொண்டு அணைவது. அதனை யாரோ அணைக்கச் சொல்லியிருக்கின்றனர். பெரும்பாலும் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்காகச் செய்த வேலையாக இருக்கும். முழுமையாக அணையாமல் உறங்கிப்போவதும் உண்டு. மூடியை மூடினால் உறங்குவதற்காக யந்திரத்தின் விளிம்பில் சிறு காந்தமும் அதனை உணரும் உறுப்பும் வைத்திருப்பர். கைப்பேசியின் காந்தமூடி அவ்விடத்திற்கு அருகே வந்தால், மூடி மூடப்பட்டதென்று எண்ணி யந்திரம் கண்ணை மூடிக்கொள்ளும். இதற்காகச் செலவு செய்து பழுது பார்த்தவர்களையும் நாம் அறிவோம்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கணினியின் அருகிலேயே வைத்து, அணையும் ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளைக் குறிக்கவேண்டும். திறந்து எத்தனை நிமிடம் ஆயிற்று, சார்ஜர் செருகியிருந்ததா, பேட்டரி எத்தனை சதவீதம் காட்டிற்று, அடிப்புறம் கைபொறுக்கும் சூட்டில் இருந்ததா என்பனவே அவை. பத்து நாள் இவ்விதம் குறித்தால் பாதி நோய் தானே வெளிப்பட்டுவிடும்.

வெப்பமும் பஞ்சும்

நம் சங்கங்களில் காணப்படும் குறைகளுள் முதலிடம் வெப்பத்திற்கே உரியது. கணினியின் மூளையாகிய பிராசஸர் வேலை செய்யும்போது சூடாகிறது. அச்சூட்டைச் செம்புக்குழாய் ஒன்று வாங்கி, யந்திரத்தின் ஓரத்தில் உள்ள மெல்லிய தகடுகளுக்குக் கொண்டு செல்லுகிறது. சிறு விசிறி அத்தகடுகளினூடே காற்றைச் செலுத்திச் சூட்டை வெளியேற்றுகிறது. இப்பாதை அடைபட்டால் உஷ்ணம் ஏறுகிறது. சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில், எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு யந்திரம் மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஆகவே இவ்வாறு அணைவது பழுதன்று, தற்காப்பே ஆகும். அணைந்ததும் உடனே மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவோர் அத்தற்காப்பைக் கெடுக்கின்றனர்.

அந்தத் தகடுகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதை நெசவாளர்களுக்கு விளக்குவது எளிது. தறி அச்சின் பற்களைப்போல் அவை நிற்கின்றன. அச்சில் பஞ்சு அடைந்தால் பாவு என்ன பாடுபடும் என்பதை அவர்கள் அறிவர். பருத்தி நூலைச் சுற்றும்போதும் நெய்யும்போதும் பறக்கும் பஞ்சுத் துகள், பாவிலிருந்து உதிரும் கஞ்சிப் பொடி ஆகிய இரண்டையும் கணினியின் விசிறி நாள் முழுதும் உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறது. நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், நாள்தோறும் திறந்து அரைமணி நேரத்தில் அணையும் மடிக்கணினிக்குப் பதிலாகப் புதியது வாங்க நிர்வாகக் குழு தீர்மானமே போட்டுவிட்டது. விலைப்புள்ளி கேட்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்க்கலாம் என்று நாம் யோசனை கூறினோம். பழுது பார்ப்பவர் அடிமூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு படிந்து, கம்பளித் துண்டு போலவே ஒரு கெட்டியான படலமாகி இருந்தது. அதனை இடுக்கியால் முழுதாக எடுத்து மேசைமேல் வைத்தார். உறுப்பினர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது நம் நாற்பதாம் நம்பர்தான்" என்றார். சில நூறு ரூபாய்ச் செலவில் அந்தக் கணினி மறுபடியும் மாலைவரை வேலை செய்தது. புதிய கணினிக்கான தீர்மானம் ஏட்டளவில் நின்றது.

கிராமங்களில் நெல் தூற்றும் களத்தருகிலும், கடலை உடைக்கும் கொட்டகையிலும் இருக்கும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். பஞ்சுக்குப் பதில் உமித்தூசி. அன்றியும், பெரும்பாலான மடிக்கணினிகள் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் வேலை செய்வதற்கென்றே அமைக்கப்பட்டவை. வேலூரிலும் திருத்தணியிலும் கரூர்ப் பகுதியிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் வெளிவெப்பமே 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. தகரக்கூரையின்கீழ் கேட்கவேண்டியதில்லை. அக்காலத்தில் கணக்கு வேலையைக் காலை வேளையிலேயே முடித்துக்கொள்வது நலம்.

வெப்பமே காரணம் என்று அறிவதற்கு அடையாளங்கள் சில உண்டு. விசிறி ஓயாமல் இரையும். ஆனால் காற்று வெளிவரும் துவாரத்தருகே கையை வைத்தால் காற்றே தெரியாது. கடினமான வேலை செய்யும்போது விரைவிலும், சும்மா இருக்கும்போது தாமதித்தும் அணையும். கால்மணி நேரம் ஆறவிட்டால் பிழைத்தெழும். அணைந்த உடனே திறந்தால் முன்னிலும் குறைந்த நேரத்தில் மறுபடி அணையும். விசிறியின் இரைச்சலே இல்லையென்றால் விசிறி செத்துவிட்டது என்று பொருள். அதனைத் தனியே மாற்றலாம்.

சுத்தம் செய்வோர்க்கு ஒரு வார்த்தை. யந்திரத்தை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியாயின் கழற்றிய பின்னரே தொடவேண்டும். மெல்லிய வண்ணத்தூரிகையும் சிறு கை ஊதுகுழலும் போதும். ஊதும்போது விசிறி தாறுமாறாகச் சுழலாதபடி ஒரு குச்சியால் அதைத் தடுத்துப் பிடித்துக்கொள்வது அவசியம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். சைக்கிள் கடைக் காற்றுக்கருவியில் நீரும் எண்ணெயும் கலந்து வரும். அதன் வேகமும் அதிகம். தென்னங்குச்சியை உள்ளே விட்டுக் குத்துவோரை என்ன சொல்லுவது! உள்ளே திறந்து பார்க்கும் வாய்ப்பு வரும்போது, பிராசஸருக்கும் அதன்மேல் அமரும் செம்புத் தகட்டுக்கும் இடையே தடவியிருக்கும் பசையையும் புதுப்பிக்கச் சொல்லவேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது காய்ந்து சுண்ணாம்புபோல் ஆகிவிடுகிறது. தூசி நீங்கியும் சூடு தணியாத பழைய யந்திரங்களில் இப்பசையே குற்றவாளி.

கணினியை மெத்தைமீதும், துணிக்கட்டின்மீதும், மடித்த பாவின்மீதும் வைக்கலாகாது. அடிப்புறத் துவாரம் அடைபட்டுவிடும். பின்பக்கம் சற்று உயரும்படி இரண்டு மரச்சில்லுகளை வைத்தாற்போதும்; இதற்கென்று விசிறிப் பலகை வாங்கவேண்டும் என்பதில்லை.

பேட்டரியும் சார்ஜரும்

"முப்பது சதவீதம் இருக்கும்போதே அணைந்துவிட்டது, இது எப்படி?" என்று கேட்போர் பலர். கிணற்று மோட்டார் வைத்திருக்கும் உழவர்க்கு இதை ஓர் உவமையால் சொல்லலாம். பழைய கிணற்றில் எட்டிப்பார்த்தால் நீர்மட்டம் நன்றாகவே தெரிகிறது. மோட்டாரைப் போட்டவுடன் நீர் சடக்கென இறங்கி, குழாய் காற்றை இழுக்கிறது. ஊற்று வலுவிழந்ததே காரணம். பழைய பேட்டரியும் அத்தகையதே. உள்ளே மின்தடை கூடிவிட்டது. சும்மா இருக்கையில் மின்னழுத்தம் சரியாகவே தோன்றும். கடினமான வேலை தொடங்கி மின்சாரம் வேகமாக இழுக்கப்படும்போது அழுத்தம் சட்டென விழுகிறது. காவற்சுற்று இணைப்பைத் துண்டிக்கிறது. சதவீதம் என்பது அளந்து சொன்னதன்று. யந்திரம் தன் பழைய அனுபவத்தைக்கொண்டு ஊகித்துச் சொன்னது.

லித்தியம் அயான் பேட்டரி 1991-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான சோனியால் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடிகோலிய மூன்று அறிஞர்களுக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அத்துணைச் சிறப்புடைய பொருளும் மூப்புக்கு விலக்கன்று. முழுமையாகத் தீர்ந்து முழுமையாக நிரம்புவதை ஒரு சுற்று என்று கொண்டால், சாதாரண மடிக்கணினிப் பேட்டரி 300 முதல் 500 சுற்றுகளுக்குள் தளரத் தொடங்கிவிடும். வெப்பம் அத்தளர்ச்சியை விரைவுபடுத்தும். ஆகவே முற்கூறிய பஞ்சு, பேட்டரியையும் கெடுக்கிறது.

சோதிக்கும் முறை எளிது. பேட்டரி நிரம்பிய நிலையில் சார்ஜரைப் பிடுங்கினால் உடனேயோ சில நிமிடத்திலோ அணைகிறதா? அப்படியாயின் பேட்டரி போயிற்று. பேட்டரியைக் கழற்றக்கூடிய பழைய யந்திரமாயின், அதைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும். அப்பொழுது அணையாமல் ஓடினால் பேட்டரிமீதும், அப்பொழுதும் அணைந்தால் சார்ஜர், செருகுவாய், தாய்ப்பலகை ஆகியவற்றின்மீதும் ஐயம் கொள்ளலாம். இதனினும் துல்லியமாக அறிய விரும்புவோர், கணினி அறிந்த இளைஞரிடம் விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துத் தரும்படி கேட்கலாம். அதில் பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவும் இப்பொழுது நிரம்பும் அளவும் அடுத்தடுத்து எழுதியிருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது.

சார்ஜரைப் பொறுத்தவரை இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. மின்னழுத்தம் குறைவதால் கணினி அணைகிறது என்று கருதி ஸ்டெபிலைசர் வாங்குவது ஒன்று. பெரும்பாலான சார்ஜர்களின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். மின்விசிறி மந்தமாகச் சுழலும் அளவுக்கு அழுத்தம் இறங்கினாலும் அது தன் கடமையைச் செய்யும். கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் தடைப்படும்போது அணைவது வேறு செய்தி. அதைத் தாங்கவேண்டியது பேட்டரி, தாங்காதது அதன் குற்றம். மற்றொரு தவறான எண்ணம், முனை பொருந்தினால் எந்தச் சார்ஜரும் ஆகும் என்பது. 19 வோல்ட், 65 வாட் கேட்கும் யந்திரத்திற்கு 45 வாட் சார்ஜரைக் கொடுத்தால், இலேசான வேலையில் ஓடி, பளு ஏறியதும் விழுந்துவிடும். பழைய சார்ஜரின் முதுகில் உள்ள எண்களைப் பார்த்து, வோல்ட் அதேயாகவும் வாட் அதேயாகவோ மேலாகவோ உள்ளதையே வாங்குதல் வேண்டும். கம்பி முனையருகில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருப்பதும், செருகுவாய் ஆடுவதும் சாதாரணம். கையால் அசைக்கும்போது சார்ஜ் விளக்கு மினுக்கினால் தேடவேண்டியது வேறொன்றுமில்லை.

இங்கே ஓர் அபாயத்தை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மேசைமேல் வைத்த கணினி ஆடுகிறது, அடிப்புறம் புடைத்திருக்கிறது, விரலால் தடவும் பலகை மேலெழும்பியிருக்கிறது என்றால், உள்ளே பேட்டரி வீங்கிவிட்டது. அக்கணமே சார்ஜரைப் பிடுங்கி, யந்திரத்தை அணைத்து, மேற்கொண்டு பயன்படுத்தாமல் நிறுத்தவேண்டும். அதை அமுக்குவதோ, குத்திக் காற்றை எடுக்க முயல்வதோ தீயை வரவழைக்கும் செயல். நூல் மூட்டையும் துணிக்கட்டும் உள்ள அறையில் அதை ஓரிரவுகூட வைக்கலாகாது.

விண்டோஸ் தரும் சாட்சியம்

யந்திரம் அணைவதும் எழுவதும் விண்டோஸின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எண்களோடு பதிவாகின்றன. 1074 என்னும் எண் இருந்தால், ஒரு நிரலோ ஒரு மனிதரோ அணைக்கச் சொன்னது உறுதி. பெயரும் உடன் இருக்கும். 41, 6008 என்னும் எண்கள் இருந்தால், முறைப்படி விடைபெறாமல் அணைந்தது என்று மட்டுமே பொருள். 41-ஐக் காட்டி, "மின்சாரப் பழுது, போர்டை மாற்றவேண்டும்" என்று சொல்லுவோர் உண்டு. அது வரம்பு மீறிய தீர்ப்பு. அந்த எண் சாவைப் பதிகிறதேயன்றிச் சாவின் காரணத்தைச் சொல்லுவதில்லை.

விண்டோஸ் குற்றமற்றதா என்று தெரிந்துகொள்ள, தொடங்கும்போதே தோன்றும் அமைப்புத் திரைக்குள் சென்று, அங்கேயே ஒருமணி நேரம் விட்டுவைக்கலாம். அத்திரை விண்டோஸ் எழுவதற்கு முன்னரே வருவது. அங்கேயும் அணைந்தால் பழி யந்திரத்தைச் சேர்ந்தது. அங்கே அணையவில்லையாயினும் யந்திரத்தை முற்றும் விடுவிப்பதற்கில்லை. அங்கே வேலைப்பளு குறைவு. நீலத்திரை அடிக்கடி வருமாயின், விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை ஓர் இரவு ஓடவிட்டு, ரேம் பலகையைக் கழற்றி மீண்டும் பொருத்திப் பார்ப்பது முறை.

காரணம் தெரியும்வரை கணக்கைக் காப்பது எவ்வாறு என்பதையும் சொல்லிவிடுவோம். அணையும் நோயுள்ள கணினியில் அன்றைய பதிவு முடிந்ததும் டாலியிலோ வேறு எந்த நிரலிலோ உள்ள நகலெடுக்கும் வசதியைக்கொண்டு இரண்டு பென் டிரைவ்களில் மாறிமாறி நகல் எடுத்து, ஒன்றை அலுவலகத்திற்கு வெளியே வைக்கவேண்டும். இரண்டு எதற்கு என்றால், நகல் எடுக்கும்போதே அணைந்தால் அந்த நகலும் கெடும், நேற்றையதேனும் மிஞ்சவேண்டும். அணைந்து எழுந்த பின்னர், கடைசியாகப் பதிந்த சீட்டின் எண்ணைக் கைப்புத்தகத்தோடு ஒப்பிடாமல் அடுத்த பதிவைத் தொடங்கலாகாது. மேலே சொன்ன மூன்று அங்கத்தினரின் கூலி தவறியது இந்த ஓர் ஒப்பீடு இல்லாமையால்தான். கணினி வந்துவிட்டது என்பதற்காகத் துணி வரவுப் புத்தகத்தையும் ரொக்கக் குறிப்பையும் நிறுத்திய சங்கங்கள், கணினி நலமடையும்வரையிலேனும் அவற்றை எழுதிவருதல் வேண்டும். அங்கத்தினரும் தம் கைப்புத்தகத்தில் அன்றன்றே பதிவு கேட்டுப் பெறத் தயங்கலாகாது.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்பது நிர்வாகக் குழுவின் முன் வரும் கேள்வி. தூசி, பசை, விசிறி, பேட்டரி, சார்ஜர், ரேம் ஆகியவற்றின் செலவு தாங்கக்கூடியதே. தாய்ப்பலகையே கெட்டுவிட்டது என்று வேறு வேறான இருவர் கூறினால், பத்தாண்டு கடந்த யந்திரத்தில் பணம் போடுவது வீண். இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பழைய கணினிகளுட் பல விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. ஆகையால் பழுது நீங்கிய பழைய யந்திரத்தைக் கூலிப் பட்டியலுக்கும் கடிதத்திற்கும் வைத்துக்கொண்டு, வங்கிப் பணமாற்று வேலையைப் புதிய ஒன்றிற்கு மாற்றுவதே தக்கது.

கழித்துவிட முடிவு செய்தால், தளவாடப் பதிவேட்டில் தீர்மான எண்ணோடு குறித்து, ஏலத்திற்கு அனுப்புமுன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடவேண்டும். அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதற்குள் இருக்கின்றன. அழித்துவிட்டோம் என்று எண்ணிய கோப்பையும் மீட்டெடுக்க வழியுண்டு. கழற்றியதைச் சங்க இரும்புப் பெட்டியில் வைத்து, கணக்குகள் புதிய யந்திரத்தில் சரியாகத் திறக்கின்றன என்று தணிக்கையில் உறுதியான பிறகு உடைத்துப் போடலாம். வீங்கிய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், மின்னணுக் கழிவைப் பெற அனுமதி பெற்றவரிடமே கொடுக்கவேண்டும்.